ஒளி யாருக்கு? நிலம் யாருடையது?

மின்சாரம் இல்லாத ஒரு நாளை இன்று எவரும் விரும்பார். அடுக்களையிலிருந்து அரிசி ஆலை வரை, சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து பரீட்சைக்குப் படிக்கும் மாணவனின் மேசை வரை அது இன்றியமையாத தேவையாகிவிட்டது. ஆகவே மின்நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியை இக்கட்டுரை எழுப்பவில்லை. வேண்டும்; ஐயமின்றி வேண்டும். இங்கு எழுப்பப்படும் கேள்வி வேறு. அம்மின்நிலையம் எங்கே எழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது?

"இது பொறியியலாளர் பேச வேண்டிய விடயம், கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை?" எனச் சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வியே நமது நோயின் அறிகுறி. சுழலியின் இறக்கை எத்தனை பாகை சரிந்திருக்க வேண்டும் என்பது பொறியியலாளருக்குரிய கேள்விதான். கொதிகலனின் குழாய் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்பதும் அவருக்குரியதே. ஆயின் அந்தக் கொதிகலன் எவருடைய வயலில் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு எந்தச் சூத்திரமும் விடை தராது. அது வரலாற்றையும், சட்டத்தையும், சமூக நீதியையும் தொட்டு நிற்கும் கேள்வி. இந்நாட்டில் மின்நிலையங்கள் எழுந்த கதையைப் புரட்டிப் பார்ப்போர், முதல்வகைக் கேள்விகளுக்கு மிகுந்த நுட்பத்தோடு விடை தேடப்பட்டதையும், இரண்டாம்வகைக் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே விடப்பட்டதையும் காண்பர். கேட்காமல் விட்டதன் விலையை நிலம் இழந்தோர் மட்டுமன்றி முழு நாடுமே செலுத்தியிருக்கிறது என்பதே இங்கு நான் நிறுவ முனையும் கருத்தாகும்.

நல்ல இடம் வெறுமையாக இருப்பதில்லை

மின்நிலையம் அடிப்படையில் எளிய தத்துவத்தில் இயங்குவது. கம்பிச் சுருள்களின் நடுவே காந்தத்தைச் சுழற்றினால் மின் பிறக்கும். 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்து சொன்ன இவ்வுண்மையின் மீதே உலகின் பெரும்பாலான மின்நிலையங்கள் இன்றும் நிற்கின்றன. சுழற்றுவது எது என்பதிலேயே வேறுபாடு. விழும் நீர் சுழற்றினால் அது நீர்மின் நிலையம். நீராவி சுழற்றினால் அனல்மின் நிலையம். காற்றுச் சுழற்றினால் காற்றாலை. சூரியப் பலகை மட்டும் சுழற்சி எதுவுமின்றி ஒளியை நேரே மின்னாக்குகிறது.

நிலக்கரி மின்நிலையத்தை எடுத்துக்கொள்வோம். நிலக்கரியை மாவாக அரைத்துக் கொதிகலனில் எரிக்கின்றனர். நீர் ஆவியாகி, உயர் அமுக்கத்தோடு சுழலியின் மீது பாய்ந்து, அதனை நிமிடத்திற்கு 3000 தடவை சுழற்றுகிறது. வேலை முடித்த ஆவியை மீண்டும் நீராக ஒடுக்கப் பெருமளவு குளிர்நீர் வேண்டும்; அதற்குக் கடல் அருகில் இருத்தல் நன்று. எரிபொருளின் வெப்பத்தில் மூன்றிலொரு பங்கோ அதனிற் சற்றுக் கூடுதலோதான் மின்சாரமாகிறது. எஞ்சிய வெப்பம் புகைபோக்கி வழியே வானுக்கும், குளிர்நீர் வழியே கடலுக்கும் போய்ச் சேர்கிறது. எரிந்தபின் மிஞ்சும் சாம்பலைக் கொட்டிவைக்க விரிந்த தரை வேண்டும். கப்பலில் வரும் நிலக்கரி இறங்க ஆழமான துறை வேண்டும்.

இத்தேவைகளின் பட்டியலோடு நாட்டின் வரைபடத்தை நோக்கும் பொறியியலாளர், ஆழக்கடலும் சமதரையும் நன்னீரும் அருகருகே அமைந்த இடத்தைத் தேடுகிறார். அத்தகைய இடத்தை மீனவரும் உழவரும் பல தலைமுறைகளுக்கு முன்னரே தேடிக் கண்டுபிடித்துக் குடியேறிவிட்டனர். நல்ல இடம் எங்கும் வெறுமையாகக் கிடப்பதில்லை. ஆழமும் உயரமும் மண்ணின் வன்மையும் குறிக்கப்பட்ட வரைபடத்தில் அங்கு வாழும் மனிதர் குறிக்கப்படாமையாலேயே அது வெற்றிடமாகத் தோன்றுகிறது. இந்நாட்டு மின்நிலையங்களின் துயரக் கதை முழுவதும் இந்த ஒரு குறையிலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

மலையிலிருந்து கடைமடை வரை

இலங்கையின் நீர்மின் வரலாற்றில் டி. ஜே. விமலசுரேந்திரவின் பெயர் முதன்மையானது. மலைநாட்டு ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெறலாம் என்பதை அவர் 1918இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தில் ஓர் ஆய்வுரையாக முன்வைத்தார். குடியேற்ற ஆட்சி அதனை உரிய வேளையில் ஏற்கவில்லை. 1920களில் தொடங்கிய வேலை இடைநடுவில் நின்றது. லக்சபானா மின்நிலையம் 1950இன் இறுதியிலேயே இயங்கத் தொடங்கியது. மூன்றாண்டுகளுக்குள் அவர் மறைந்தார். ஒரு சுதேசப் பொறியியலாளரின் தூரநோக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது நமது வரலாற்றின் இழுக்கு.

அந்த மேதையைப் போற்றும் அதே வேளையில் நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். அதே மலைகளில் 1960களில் மவுசாகலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வற்றும் காலங்களில் கோவிலும், பள்ளிவாசலும், விகாரையும் இன்றும் அங்கு தலைகாட்டுகின்றன. அந்நீர் பிறப்பித்த மின்சாரம் கம்பி வழியே கொழும்புக்குச் சென்றது. அணையைச் சூழ்ந்த தோட்டங்களின் லயன் அறைகள் பலவற்றிலோ பல்லாண்டுகளாகக் குப்பி விளக்கே எரிந்தது. விளக்கடியில் இருள் என்பதற்கு இதனிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

1980களின் நடுப்பகுதியில் துரித மகாவலித் திட்டத்தின் பெரும் அணைகள் எழுந்தன. பிரித்தானிய உதவியுடன் 210 மெகாவாற் விக்டோரியா, சுவீடனின் உதவியுடன் 201 மெகாவாற் கொத்மலை, மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் 122 மெகாவாற் ரந்தெனிகல என அவை ஒன்றன்பின் ஒன்றாக இயங்கத் தொடங்கின. விக்டோரியாவில் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கியது. கொத்மலையில் மூழ்கிய விகாரைகளின் நினைவாக மகாவலி மகாசேயா எழுப்பப்பட்டது. இங்கு வீடிழந்தோருள் மிகப் பெரும்பாலோர் சிங்களக் கிராம மக்கள். ஆகவே இக்கட்டுரை கூறுவது ஓர் இனத்தின் முறைப்பாடு மட்டுமன்று. அதிகாரம் தூரத்திலும், இழப்பு அருகிலும் இருக்கும் ஒழுங்குமுறை ஒன்றைப் பற்றிய முறைப்பாடு இது.

அந்த ஒழுங்குமுறையின் கடைமடையில் இருப்பது ஓட்டமாவடி. மலைநாட்டுச் சுழலிகளைச் சுழற்றிவிட்டு மினிப்பேயை அடையும் மகாவலி நீரின் ஒரு பகுதி, வலதுகரைக் கால்வாய் வழியே உல்ஹிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்களுக்குத் திருப்பப்படுகிறது. அங்கிருந்து சுரங்க வழியே மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தைச் சேர்கிறது. மாதுறு ஓயா ஈற்றில் வாழைச்சேனைக் களப்பை நாடி வருகிறது. ஓட்டமாவடிப் பாலத்தின் கீழ் அசையும் நீரில் விக்டோரியாவின் சுழலியைச் சுழற்றிய துளிகளும் கலந்திருக்கக்கூடும். ஆயினும் கனேடிய உதவியுடன் கட்டப்பட்ட அந்த மாதுறு ஓயாத் திட்டத்தில் இடதுகரை முதலில் வளம் பெற, மட்டக்களப்பு மாவட்டம் எதிர்பார்த்த வலதுகரை வேலைகள் நெடுங்காலம் கிடப்பிற் கிடந்தன. மேலே அணையின் கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் கீழே வேளாண்மை செய்பவனுக்கு ஓர் ஆசனம் இருந்ததில்லை. வெள்ளம் வந்தாலும் வரட்சி வந்தாலும் அவன் செய்தியைப் பின்னரே அறிகிறான்.

ஆளில்லாத நேரத்திற் கேட்கப்பட்ட கேள்வி

ஓட்டமாவடிப் பாலத்தைக் கடந்து வாகரை, வெருகல் வழியாக வடக்கே செல்லும் திருகோணமலை வீதி மூதூரை அடைகிறது. மூதூருக்குக் கிழக்கே, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கிறது சம்பூர். நமது காலத்தில் மின்நிலையம் பற்றிப் பேச முனையும் எவரும் இவ்வூரின் பெயரை உச்சரிக்காமற் கடந்துபோக முடியாது.

நிகழ்ச்சிகளை ஆண்டு வரிசையில் நோக்குவோம். 2006 ஏப்ரலில் விமானக் குண்டுவீச்சும் எறிகணை வீச்சும் தொடங்கவே சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, நவரத்தினபுரம் முதலிய ஊர்களின் மக்கள் வீடுவாசல்களை விட்டு வெளியேறினர். பலர் வெருகலையும் வாகரையையும் கடந்து மட்டக்களப்பு வரை வந்தனர். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மூதூர் முஸ்லிம் மக்களும் ஊரை விட்டுக் கந்தளாய் நோக்கி நடந்தனர். 2006 டிசெம்பரில், இம்மக்கள் முகாம்களில் இருந்த வேளையில், திருகோணமலையில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைப்பதற்கான உடன்படிக்கை இலங்கைத் தரப்புக்கும் இந்தியத் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனத்துக்கும் இடையே கைச்சாத்தாகியது. 2007 மே மாதம் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயமென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. 2011இல் மின்நிலையத்துக்கான கூட்டுக் கம்பனி உருவாயிற்று. மின்நிலையத்துக்கென ஏறத்தாழ 500 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அதற்கு அப்பால் 818 ஏக்கர் கைத்தொழில் வலயத்துக்கெனவும், 237 ஏக்கர் கடற்படை முகாமுக்கெனவும் மக்களின் கைக்கு எட்டாதிருந்தன.

ஆட்சி மாறிய பின் 2015இல் அந்த 818 ஏக்கரும், 2016இல் கடற்படையிடமிருந்த நிலமும் மக்களுக்கு மீண்டன. 2016 செப்டெம்பரில் நிலக்கரி மின்நிலையம் அங்கு கட்டப்படாது என அரசு உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது.

இந்தப் பத்தாண்டுக் கணக்கை நிதானமாகக் கூட்டிப் பாருங்கள். பத்தாண்டுகளாக மக்களுக்கு வீடு இல்லை. நாட்டுக்கு அந்த இடத்திலிருந்து ஓர் அலகு மின்சாரமேனும் இல்லை. உழவனும் இழந்தான், ஆலைக்காரனும் இழந்தான், கொழும்பில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருந்தவனும் இழந்தான். நிலத்துக்குரியோர் இல்லாத நேரத்தில் அவர்களின் நிலத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்டு, அவர்கள் சார்பில் விடையையும் எழுதிக்கொண்டதால் விளைந்த பயன் இதுவே. அநீதி ஒருபுறம் இருக்கட்டும். திறமையின்மை என்ற அளவுகோலால் அளந்தாலும் இது பெருந்தோல்வி.

கதை அத்துடன் முடியவில்லை. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடியும் சனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் இணைந்து சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்நிலையத்தின் வேலைகளைத் தொடக்கிவைத்தனர். சூரியப் பலகைக்குப் புகையில்லை, சாம்பலில்லை, கடலைச் சூடாக்கும் குளிர்நீருமில்லை. நிலக்கரியோடு ஒப்பிடின் இது நூறு மடங்கு வரவேற்கத்தக்கது. ஆயின் சூரிய மின்னுக்கு ஒரு மெகாவாற்றுக்கு நான்கு அல்லது ஐந்து ஏக்கர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எரிபொருள் மாறியது, ஏக்கர்க் கணக்கு மாறவில்லை. அந்த ஏக்கர்களின் பழைய உறுதிகளும் பயிர் செய்த உரிமைகளும் என்னவாயின என்ற கேள்விக்கு "இது சுத்தமான சக்தி" என்பது விடையாகாது. சுத்தம் என்பது புகைபோக்கியை மட்டும் பார்த்துக் கூறும் சொல்லாக இருக்கலாகாது. நிலம் வந்த வழியும் சுத்தமாயிருத்தல் வேண்டும்.

நுரைச்சோலை கற்றுத்தரும் பாடம்

"மக்களைக் கேளாமலே நுரைச்சோலையைக் கட்டினோம், அதுவன்றோ இன்று நாட்டைத் தாங்குகிறது" என்று வாதிடுவோர் உளர். இவ்வாதத்தை ஒதுக்கிவிடாது எதிர்கொள்வதே முறை.

புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் 1990களில் நிலக்கரி மின்நிலையம் திட்டமிடப்பட்டபோது மீனவரும், தோட்டப் பயிர்ச்செய்கையாளரும், கத்தோலிக்கத் திருச்சபையும் எதிர்த்தனர். தலவில புனித அன்னாள் திருத்தலம் அருகிலிருந்தது. பல ஆண்டுகள் இழுபட்ட திட்டம் 2006இல் சீனக் கடனுதவியுடன் தொடங்கப்பட்டது. முதல் 300 மெகாவாற் 2011இலும், எஞ்சிய இரண்டு அலகுகள் 2014இலும் சேர, மொத்தம் 900 மெகாவாற் ஆயிற்று. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை அது வழங்கி வந்திருக்கிறது. இதை மறுப்பது நேர்மையாகாது.

ஆயின் அங்கே ஆழமான துறைமுகம் இல்லை. கப்பல் கரைக்கு வர இயலாமையால் கடலில் நங்கூரமிட, நிலக்கரியைத் தட்டைப் படகுகளில் ஏற்றிக் கரை சேர்க்கின்றனர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் இவ்வேலை நடைபெறாது. ஆகவே ஆண்டுக்குத் தேவையான இருபது இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட நிலக்கரியை அமைதியான பருவத்திலேயே இறக்கிக் குவித்து வைக்க வேண்டியுள்ளது. கேள்வி மனு ஒன்று பிந்தினால் நாடு முழுவதும் பதறுகிறது. குவியலிலிருந்து எழும் தூசும், பறக்கும் சாம்பலும் அயலிலுள்ள பயிர்களிலும் வீடுகளிலும் படிவதாக அப்பகுதி மக்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். அக்கடலின் குணத்தையும் காற்றின் திசையையும் அங்குள்ள மீனவன் பாடநூல் இன்றியே அறிவான். அவனுடைய எதிர்ப்பைத் தடையாக மட்டுமே கண்டவர்கள், அவ்வெதிர்ப்பினுள் இருந்த அறிவைக் காணத் தவறினர்.

தடை கூறுவோருக்கு மறுமொழி

முதலாவது தடை: "நாட்டின் வளர்ச்சிக்குச் சிலர் தியாகம் செய்யத்தான் வேண்டும்." தியாகம் என்பது ஒருவன் தானே மனமுவந்து கொடுப்பது. பறித்தெடுத்துவிட்டுத் தியாகம் எனப் பெயரிடுதல் மொழிக்கும் இழைக்கும் அநீதி. அன்றியும், அந்தச் "சிலர்" எப்போதும் மீனவராகவும், குடியானவராகவும், தோட்டத் தொழிலாளராகவுமே இருப்பது எதனால்? வசதி படைத்தோர் வாழும் நகர்ப்பகுதி ஒன்று சாம்பற் குவியலுக்கெனத் தெரிவு செய்யப்பட்டதை நாம் கண்டதுண்டா?

இரண்டாவது தடை: "மக்களைக் கேட்கத் தொடங்கினால் எதையும் கட்ட முடியாது." உலகம் இதற்கு மாறான சான்றுகளைத் தருகிறது. டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனுக்கு அண்மையில் கடலில் நிற்கும் மிடல்குருண்டன் காற்றாலைத் தொகுதியின் அரைப்பங்கு ஆயிரக்கணக்கான பொதுமக்கள் சேர்ந்த கூட்டுறவுக்கு உரியது. முதலில் மூன்று வரிசைகளில் 27 காற்றாலைகள் என வரையப்பட்ட திட்டம், மக்களின் கருத்தைக் கேட்டபின் ஒரே வளைவில் 20 காற்றாலைகள் என மாற்றப்பட்டது. திட்டம் நின்றுவிடவில்லை, திருந்தியது. அத்தனை தூரம் போவானேன்? நமது சப்பிரகமுவ மலைக்கிராமங்களில் 1990கள் தொட்டு மக்கள் தாமே மின் நுகர்வோர் சங்கங்கள் அமைத்து, சிரமதானத்தால் வாய்க்கால் வெட்டி, சிற்றாறுகளிலிருந்து தம் வீடுகளுக்கு மின்சாரம் பெற்றனர். தமதெனக் கருதும் மின்நிலையத்தை மக்கள் எதிர்ப்பதில்லை, காவல் காக்கின்றனர்.

மூன்றாவது தடை: "சட்டத்தில் ஏற்கெனவே இடமிருக்கிறது." உண்மைதான். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தத்தின்படி பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். அவ்வறிக்கை மீது பொதுமக்கள் கருத்துக்கூற முப்பது வேலை நாட்கள் உண்டு. ஆயின் அறிக்கையைத் தயாரிக்கச் செய்வது திட்டத்தை முன்வைப்பவரே. வேலிக்கு ஓணான் சாட்சி என்பர் நம் முன்னோர். அறிக்கை வெளிவரும் நேரத்தில் இடமும் முடிவாகி, உடன்படிக்கையும் ஒப்பமாகிவிடுகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களில், நிபுணரன்றிப் பிறர் விளங்க முடியாத நடையில் எழுதப்பட்ட அறிக்கையை ஒரு மீனவன் முப்பது நாட்களிற் படித்து மறுப்பெழுத வேண்டுமாம். தும்பை விட்டு வாலைப் பிடிக்குமாறு மக்களைப் பணிக்கும் சட்டம் இது.

நான்காவது தடை: "சூரியனும் காற்றும் எவருக்கும் தீங்கு செய்யா, அவற்றிலும் குற்றம் காண்பதா?" 2025இல் திருகோணமலை முத்துநகர் விவசாயிகள் தாம் பயிர் செய்துவந்த நிலங்கள் சூரிய மின் திட்டங்களுக்கு வழங்கப்பட்டதை எதிர்த்து மாவட்டச் செயலகத்தின் முன் அமர்ந்தனர். அதே ஆண்டில் மன்னார்த் தீவின் மக்கள் புதிய காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் இறங்க, ஓகஸ்ட் மாதத்தில் வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைக்க நேர்ந்தது. சூரியனிலும் காற்றிலும் குற்றமில்லை. நெல் விளையும் தரையில் பலகை நாட்டுவோரிடமே குற்றம் இருக்கிறது. பாடசாலைகள், அரச அலுவலகங்கள், ஆலைகள், களஞ்சியங்கள் ஆகியவற்றின் கூரைகள் நாடெங்கும் வெயிலைத் தாங்கிக்கொண்டு நிற்கையில் வயலை முதலில் நாடுவது ஏன்? வயலுக்குரியவன் ஏழை என்பதை அன்றி வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

கூரைகளை மட்டும் நம்பினால் போதும் என்று நான் கூற வரவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதனால் நாடே இருளில் மூழ்கியது. குரங்கைப் பார்த்துச் சிரித்தவர் பலர். காரணத்தைக் கேட்டவர் சிலரே. பாரமான சுழலிகள் தமது சடத்துவத்தால் மின்னோட்டத்தின் மீடிறனைத் திடீர்க் குலுக்கல்களிலிருந்து காக்கின்றன. மின் தேவை குறைந்த அந்நாளில் சூரிய மின் மிகுந்து, சுழலும் பொறிகள் குறைந்திருந்தன. ஆகவே சிறு குலுக்கலையும் மின்வலையமைப்புத் தாங்கவில்லை. மின்கலங்களும், தேக்கிவைத்த நீரும், உறுதியான கம்பித் தொடரும் இன்றிச் சூரிய மின்னைப் பெருக்குதல் ஒற்றைக்காலில் நிற்பதற்கு ஒப்பாகும். இவையெல்லாம் பொறியியலாளர் தீர்க்க வேண்டியவை. அவர்களின் அறிவை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்வறிவு மக்களின் மேசையில் அமர்ந்து பேச வேண்டும் என்றே வேண்டுகிறேன்.

நம் பக்கத்திலுள்ள குறையையும் கூறாமல் விடுதல் தகாது. எந்தத் திட்டம் வந்தாலும் மேடையேறி எதிர்ப்பதையே அரசியலாகக் கொண்டோர் நம்மிடையே உளர். மாற்று இடம் எது, மாற்று வழி எது என அவர்களைக் கேட்டால் மௌனமே பதில். 2022 மார்ச் 31ஆம் திகதி நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டை நாடு அனுபவித்தது. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமை அதன் முதற் காரணம். மின் நின்ற போது ஆலை நின்றது. மீனுக்கு வேண்டிய பனிக்கட்டி நின்றது. மாணவனின் படிப்பும் நின்றது. இருளின் பாரம் ஏழையின் தலையிலேயே அதிகம் விழுகிறது. 1950களில் எழுந்து வைக்கோலைக் காகிதமாக்கிய வாழைச்சேனைக் காகித ஆலையைக் கண்ட பிரதேசம் எங்களுடையது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அங்கு ஒன்றாக வேலை செய்தனர். பெருந்தொழில் ஓர் ஊருக்கு என்ன கொடுக்கும் என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே எதிர்ப்பு என்பது கண்மூடித்தனமான மறுப்பாக அமையாது, நியாயமான நிபந்தனையாக அமைதல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

அந்நிபந்தனைகள் நான்கு.

முதலாவது, இடம் முடிவாகுமுன் கேட்டல். ஒரு மின்நிலையத்துக்கு ஏற்றவை எனக் கருதப்படும் எல்லா இடங்களும், ஒவ்வொன்றின் நன்மை தீமைகளும், அவ்வப் பிரதேச மக்களின் மொழியில், அவ்வப் பிரதேச செயலகத்தில் வெளியிடப்பட வேண்டும். உடன்படிக்கைக்கு ஒப்பமிட்ட பின் நடைபெறும் கூட்டத்தைக் கலந்தாலோசனை என அழைத்தல் தகாது.

இரண்டாவது, இல்லாதவரின் நிலத்தைத் தொடாமை. போரினாலோ வெள்ளத்தினாலோ இடம்பெயர்ந்த மக்கள் மீண்டும் குடியேறித் தம் கருத்தைக் கூறும் வரை அவர்தம் நிலத்தில் எந்தத் திட்டமும் வரையப்படலாகாது என்பது சட்டமாக வேண்டும். சம்பூர் இனி எங்கும் நிகழாதிருக்க இதுவே வழி.

மூன்றாவது, பங்கு. ஒருமுறை வழங்கும் நட்டஈடு ஒரு தலைமுறைக்கே போதாது. மின்நிலையமோ பல பத்தாண்டுகள் வருவாய் தருவது. நிலம் கொடுத்த குடும்பங்களுக்கும் அப்பிரதேச சபைக்கும் ஆண்டுதோறும் வருவாயில் ஒரு பங்கு உரித்தாக வேண்டும். முதல் மின்கம்பி அவ்வூருக்கே இழுக்கப்பட வேண்டும்.

நான்காவது, நெல் வயலுக்கும் மேய்ச்சற்றரைக்கும் இறுதி இடம். கூரையும், தரிசும், கைவிடப்பட்ட தொழிற்சாலை வளவும் முதலில் எண்ணப்படட்டும். அவை போதாவிடின் மட்டுமே உழவனின் கதவைத் தட்டலாம். அப்போதும் தட்டியே கேட்க வேண்டும், உடைத்து நுழையலாகாது.

இவற்றுள் எதுவும் தானாக வந்து சேராது. இங்கேதான் கலைப்பீட மாணவனுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. கொதிகலனை வடிவமைக்க எங்களாற் இயலாது. ஆயின் நானூறு பக்க அறிக்கையைப் படித்து, அதன் சாரத்தை மீனவரும் உழவரும் விளங்கும் தமிழில் பதினாறு பக்கத்தில் எழுத எங்களால் இயலும். நில உறுதிகளின் வரலாற்றைத் தேடித் தொகுக்க இயலும். காற்றையும் கடலையும் பற்றி ஊர் முதியோர் சொல்வதைக் கேட்டெழுதிப் பொறியியற்பீட நண்பரின் மேசையில் வைக்க இயலும். சங்கப் பாடல்களில் நெய்தலையும் மருதத்தையும் விரித்துரைக்கக் கற்ற நாம், இன்று நெய்தலிலும் மருதத்திலும் வாழ்வோரின் நிலம் கைமாறும் வேளையில் வாய்மூடி இருப்போமாயின், கற்ற கல்வி பரீட்சைத் தாளோடு முடிந்துவிட்டது என்பதே பொருள்.

நமது தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் விழா எடுக்கிறது, பட்டிமன்றம் நடத்துகிறது, மலர் வெளியிடுகிறது. அவற்றோடு ஒரு சிறு வேலையையும் மேற்கொள்ளுமாறு வேண்டுகிறேன். கிழக்கிலங்கையில் திட்டமிடப்படும் ஒவ்வொரு மின்நிலையத்தின் சுற்றாடல் அறிக்கைக்கும் எளிய தமிழ்ச் சுருக்கம் ஒன்றை, அந்த முப்பது நாட்கள் கழியுமுன், அவ்வூர் மக்களின் கையில் சேர்ப்பதே அவ்வேலை. அறிக்கையைப் படித்துவிட்டு மக்கள் சம்மதிக்கட்டும், மறுக்கட்டும், திருத்தம் கோரட்டும். எதைச் சொன்னாலும் அறிந்து சொல்லும் நிலையை அவர்களுக்கு உண்டாக்குவது நமது கடன்.

மின்நிலையங்கள் எழட்டும். ஒளி பரவட்டும். அவ்வொளி முதலில் தன் அடியிலிருக்கும் நிலத்தில் விழட்டும்.